ஒரே குழியில் நாலு செடி

முதல்லயே சொல்லிடறேன், இது நீளமான பதிவு. கொஞ்சம் கோவமான பதிவும் கூட. மொக்கை எதிர்பார்த்து வந்தவங்க அடுத்த வாரம் வாங்க, கண்டிப்பா ஒண்ணு போடறேன். இன்னைக்கு மூடு இல்ல.

2024 ஆகஸ்ட்ல ஒரு நாள் ஆபீஸ்ல ஹெச்.ஆர். கிட்டேர்ந்து ஒரு மடல். "சிறப்புக் குழந்தைகளோடு ஒரு நாள்: தோட்ட சிகிச்சை." போக வர பஸ் உண்டு, மதியச் சாப்பாடு உண்டு, பச்சைக் கலர் டி-ஷர்ட் உண்டு. டைம்ஷீட்ல எட்டு மணி நேரமும் போட்டுக்கலாம். பேர் குடுத்துட்டேன். நல்ல எண்ணம் பாதி, ஒரு நாள் ஆணி புடுங்க வேண்டாமேங்கறது பாதி. பொய் சொல்லி என்ன ஆகப் போவுது?

சென்னைக்கு வெளியே ஒரு சிறப்புப் பள்ளி. பேர் சொல்ல மாட்டேன். ஏன்னா நான் சொல்லப் போற விஷயம் அந்த ஒரு பள்ளியோட தப்பு இல்ல, எங்க கம்பெனியோட தப்பு மட்டுமும் இல்ல. போய் இறங்கினா, முப்பது பசங்க வரிசையா நிக்கறாங்க, சிலர் சக்கர நாற்காலியில உக்காந்திருக்காங்க. எல்லாரும் பதினாலுலேர்ந்து பதினெட்டு வயசு. மைக் கீச்சுனு கத்துது, ஒரு பொண்ணு ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு சுவத்தைப் பாத்து நிக்குது. யாரும் மைக்கை நிறுத்தலை. வரவேற்புரை முக்கியமில்லையா!

ஆளுக்கு ஒரு கொய்யாக் கன்னு, ஜோடிக்கு ஒரு பையன். எனக்குக் கிடைச்ச தம்பிக்குப் பதினாறு வயசு, அரும்பு மீசை. பெருமூளை வாதம், இடது கை சரியா விரியாது, பேச்சு கொஞ்சம் இழுத்து இழுத்து வரும். ஆனா தெளிவாப் பேசுவான். குழி ஏற்கெனவே வெட்டி ரெடியா இருந்தது. கன்னை நான் பிடிக்க, என் கை மேல அவன் கையை வைக்கச் சொன்னாங்க. க்ளிக். இன்னொண்ணு, சிரிங்க சார். க்ளிக்.

மண்ணைத் தள்ளும்போதுதான் பாத்தேன். குழிக்குள்ள ஒரு பிளாஸ்டிக் அட்டை. வேற ஒரு கம்பெனி லோகோ. பக்கத்துல நின்ன தோட்டவேலை பாக்கற அண்ணன்கிட்ட, "என்னண்ணே இது?"ன்னு கேட்டேன்.

"போன மாசம் வந்தவங்க வச்சது சார். இடம் கம்மி பாருங்க. அதை எடுத்துட்டுத்தான் உங்களுக்குக் குழி ரெடி பண்ணோம். இந்தக் குழியில இது நாலாவது."

தம்பி என்னைப் பாத்து, கோவமே இல்லாம, மழை வரும்னு சொல்ற மாதிரி சொன்னான்: "இதையும் புடுங்கிடுவாங்கண்ணா."

மக்களே, அந்த ஒத்தை வரிதான் இந்தப் பதிவு. மீதி எல்லாம் அதுக்கு உரை.

அன்னைக்குச் சாயங்காலமே எங்காளுங்க லிங்க்ட்இன்ல படம் போட்டாச்சு. "மண்ணைத் தொட்டோம், மனதைத் தொட்டோம்" ரேஞ்சுல. என் படத்துக்கும் நூத்திச் சொச்சம் லைக்கு. (படத்தை எடுத்துட்டேன். தேடாதீங்க.)

இதைப் பத்தி நண்பர்கள்கிட்ட புலம்பினா வர்ற முதல் பதில், "ஏதோ நல்லது பண்றாங்கப்பா. அதையும் குத்தம் சொல்லணுமா? நீ என்ன பண்ணே?" நியாயமான கேள்வி. அதனால மாசத்துக்கு ரெண்டு சனிக்கிழமை அங்க போக ஆரம்பிச்சேன். ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. இப்ப பேசலாம்ல?

தோட்டத்துக்கு நான் எதிரி இல்ல. அந்த வயசுப் பசங்களுக்கு மண்ணும் செடியும் நல்லது செய்யும்ங்கறதை என் கண்ணால பாத்திருக்கேன். என் சண்டை "தெரபி"ங்கற ஒரு வார்த்தையோட. அந்த வார்த்தையை முன்னால நிறுத்திட்டு, அதுக்குப் பின்னால நாம என்னவெல்லாம் மறைக்கறோம்ங்கறதோட.

முதல் விஷயம். எங்க அப்பா ரிட்டயர் ஆனதும் மாடியில பத்துத் தொட்டி வச்சார். அதுக்குப் பேர் பொழுதுபோக்கு. எங்க தாத்தா திருவாரூர்ப் பக்கம் நெல்லு போட்டார், அதுக்குப் பேர் விவசாயம். நீங்க பால்கனியில புதினா வச்சா அது ரசனை. அந்தத் தம்பி ஒரு செடிக்குத் தண்ணி ஊத்தினா மட்டும் அது சிகிச்சை. ஏன்? அவன் செய்யற எதுவுமே அவனுக்காக, அவன் ஆசைக்காக இருக்கக்கூடாதா? பாட்டு கேட்டா மியூசிக் தெரபி, படம் வரைஞ்சா ஆர்ட் தெரபி, நாயைத் தடவினா அதுவும் தெரபி. காலையில எழுந்ததுலேர்ந்து படுக்கற வரைக்கும் ஒருத்தன் நோயாளியாவே இருந்தா அவன் எப்பதான் மனுஷனா இருக்கறது?

இதோட ஒட்டிப் பொறந்த இன்னொரு வார்த்தை "குழந்தைங்க". பதினேழு வயசுப் பொண்ணை, மீசை முளைச்ச பையனை, "குழந்தைங்களா, பூ பாருங்க, கலர் என்ன சொல்லுங்க"ன்னு கேக்கறாங்க. அவன் வயசுப் பசங்க வெளியே பைக் வேணும்னு வீட்டுல சண்டை போட்டுக்கிட்டு இருக்கான். இவனுக்கும் அதே பதினாறு வயசுதான். அதே வெக்கம், அதே எரிச்சல், அதே 'என்னைத் தனியா விடு'. விடலைப் பருவம் இவங்களுக்கு மட்டும் விதிவிலக்கா வராமப் போயிடுமா?

சரி, "தோட்ட சிகிச்சைன்னு ஒண்ணு நிஜமாவே இருக்கே, ஆராய்ச்சி எல்லாம் இருக்கே"ன்னு கேப்பீங்க. இருக்கு. கொஞ்சம் படிச்சேன், சொல்றேன்.

அமெரிக்காவுல பெஞ்சமின் ரஷ்னு ஒரு டாக்டர். அவங்க விடுதலைப் பிரகடனத்துல கையெழுத்து போட்டவங்கள்ல ஒருத்தர். 1812-ல மனநோய் பத்தி ஒரு புத்தகம் எழுதினார். அதுல ஒரு கவனிப்பு: ஆஸ்பத்திரியில விறகு வெட்டி, தோட்டம் கொத்தி வேலை செய்யற நோயாளிகள் பல சமயம் தேறிடறாங்க, அந்தஸ்து காரணமா வேலை செய்யாம உக்காந்திருக்கற பணக்கார நோயாளிகள் அங்கேயே வாடிப் போறாங்க. இந்தத் துறைக்காரங்க எல்லாரும் ஆரம்பப் புள்ளியாச் சொல்றது இதைத்தான். அப்புறம் பிலடெல்பியாவுல குவேக்கர்கள் நடத்தின ஃப்ரெண்ட்ஸ் ஆஸ்பத்திரி 1879-ல நோயாளிகளுக்காகவே ஒரு கண்ணாடி வீடு கட்டிச்சு. இங்கிலாந்துல த்ரைவ்னு ஒரு அமைப்பு 1978-லேர்ந்து மாற்றுத்திறனாளிகளுக்குத் தோட்டக்கலையை முறையாச் சொல்லித் தர்றாங்க. ஆக விஷயம் புதுசு இல்ல.

ஆனா அந்த வரலாற்றுல நம்மாளுங்க படிக்காத பக்கம் ஒண்ணு இருக்கு. "வேலை செஞ்சா தேறுவாங்க"ங்கறதைப் பிடிச்சுக்கிட்டு, அமெரிக்கால பெரிய பெரிய மனநல விடுதிகள் எல்லாம் பண்ணை வச்சு நடத்தினாங்க. நோயாளிகள் காய்கறி விளைவிச்சாங்க, மாடு மேய்ச்சாங்க, துணி துவைச்சாங்க. கூலி? கிடையாது. கேட்டா அது சிகிச்சை. 1973-ல சௌடர் எதிர் பிரென்னன்னு ஒரு வழக்குல நீதிமன்றம் சொல்லிச்சு: நிறுவனத்துக்குப் பலன் தர்ற வேலையை நோயாளி செஞ்சா அவரும் தொழிலாளிதான், கூலி கொடு. கொடுத்தாங்களா? நிறைய இடத்துல வேலையையே நிறுத்திட்டாங்க. சம்பளம் தரணும்னு வந்ததும் அத்தனை வருஷ 'சிகிச்சை' திடீர்னு தேவையில்லாமப் போச்சு. அது எவ்வளவு பெரிய பொய்னு தெரிய இதைவிட என்ன சாட்சி வேணும்?

இப்ப ஆராய்ச்சி. எல்லா பவர்பாயிண்ட்லயும் வர்றது ரோஜர் உல்ரிச் 1984-ல சயின்ஸ் இதழ்ல எழுதின கட்டுரை. எங்க ஹெச்.ஆர். ஸ்லைடுலயும் அது இருந்தது. பித்தப்பை ஆபரேஷன் பண்ணின 46 பேர். பாதிப் பேருக்கு ஜன்னல் வழியா மரம் தெரியும், பாதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரம் பாத்தவங்க சராசரியா 7.96 நாள்ல வீட்டுக்குப் போனாங்க, சுவர் பாத்தவங்க 8.70 நாள். வீரியமான வலி மருந்தும் மரம் பாத்தவங்களுக்குக் கம்மியாத் தேவைப்பட்டது. அருமையான ஆராய்ச்சி. ஆனா அதுல ஒருத்தர்கூட செடி நடலை. ஒருத்தர்கூட ஆட்டிசம் உள்ள பதினஞ்சு வயசுப் பையன் இல்ல. ஜன்னல்ல மரம் தெரிஞ்சா முக்கால் நாள் முன்னாடி வீட்டுக்குப் போகலாம்ங்கறதை வச்சுக்கிட்டு, கொய்யாக் கன்னு நட்டா மூளை வளர்ச்சி மேம்படும்னு ஸ்லைடு போடறதுக்கு ஒரு தனித் தைரியம் வேணும். நம்ம டெஸ்டிங் டீம்ல ஒருத்தர் இப்படி ரிப்போர்ட் குடுத்தா கிழிச்சிட மாட்டோம்?

இன்னும் மோசம், "செடி வளர்த்தா ஆட்டிசம் குணமாகும்"னு சொல்லிக் காசு வாங்கறவங்க. ஆட்டிசம் காய்ச்சல் இல்லீங்க, குணமாகறதுக்கு. அது அந்தப் பிள்ளையோட மூளை அமைஞ்ச விதம். ஏற்கெனவே பத்து வருஷமா எண்ணெய், டயட், பரிகாரம்னு அலைஞ்ச பெத்தவங்ககிட்ட பதினோராவது நம்பிக்கையை விக்கறது பாவம்.

அப்ப நிஜமான சிகிச்சைன்னா என்ன? அந்தப் பள்ளிக்கு வாரம் ஒரு தடவை வர்ற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் அக்கா ஒருத்தங்க இருக்காங்க. அவங்க செய்யறதைப் பக்கத்துல உக்காந்து பாத்தேன். ஒரு பொண்ணுக்குக் கைப்பிடி பலம் இல்ல. தண்ணி அடிக்கற ஸ்ப்ரே பாட்டிலை அமுக்க விடறாங்க. இந்த வாரம் அஞ்சு அமுக்கு, அடுத்த வாரம் எட்டு. நோட்டுல குறிக்கறாங்க. இன்னொரு பையனுக்குக் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்றதில்லை. அவனுக்கு அவரை விதை, பெருசா இருக்கும், பிடிக்கச் சுலபம். அது பழகினப்புறம் வெண்டை விதை. கீரை விதை பொடி, அதைக் கையால எடுக்கறது கஷ்டம். நம்ம ஊர்ல எப்பவும் செய்யற மாதிரி மணலோட கலந்து தூவச் சொல்றாங்க. இன்னொருத்தனுக்கு வரிசை மறந்து போகும். தொட்டி, மண், விதை, தண்ணின்னு நாலு படம் ஒட்டி வச்சு, ஒண்ணு முடிஞ்சதும் ஒண்ணைக் கவுத்து வைக்கறான். இலக்கு இருக்கு, அளவு இருக்கு, திரும்பத் திரும்பச் செய்யறது இருக்கு, ஒரே ஆள் வர்றாங்க. இதுக்குத் தெரபின்னு பேர் வைங்க, நான் வாயே திறக்க மாட்டேன். வருஷத்துக்கு ஒரு நாள் பஸ்ல வந்து இறங்கற நாப்பது பச்சை டி-ஷர்ட்டுக்கு அந்தப் பேர் கிடையாது.

அடுத்து, அந்தத் தோட்டத்துக்குள்ள யார் போக முடியும்? சக்கர நாற்காலியில இருக்கற அஞ்சு பேரும் ஓரமா சிமெண்ட் தரையில நின்னு வேடிக்கை பாத்தாங்க. தோட்டம் மண் தரை, சக்கரம் புதையும். சக்கர நாற்காலி போக மூணடி அகலத்துல கெட்டியான பாதை வேணும். திரும்ப அஞ்சடி வட்டம் வேணும். பாத்தி தரையில இருந்தா உக்காந்தவனுக்குக் கை எட்டாது. மேசை மாதிரி உயர்த்தி, அடியில முட்டி நுழைய ரெண்டேகால் அடி இடம் விடணும். ஒரு பக்கத்துலேர்ந்து மட்டும் எட்டணும்னா அகலம் ரெண்டடிக்கு மேல போகக்கூடாது. இதெல்லாம் ராக்கெட் சயின்ஸ் இல்ல. ஒரு கொத்தனாரும் ஆயிரம் செங்கல்லும் போதும். களைக்கொத்தோட பிடி மெல்லிசா இருந்தா சைக்கிள் ஹேண்டில் கிரிப்பை மாட்டு, முடிஞ்சது. பூவாளியில பாதித் தண்ணி ஊத்து, தூக்க முடியும். எங்க கம்பெனி டி-ஷர்ட்டுக்கும் பேனருக்கும் பஸ்ஸுக்கும் செலவழிச்ச காசுல நாலு பாத்தி கட்டியிருக்கலாம். கேட்டேன். "பாத்தியில லோகோ எங்க சார் போடறது?"ன்னு திரும்பக் கேட்டாங்க. ஜோக் இல்ல, சீரியஸாவே கேட்டாங்க.

அப்புறம் வெயில். வலிப்புக்குக் குடுக்கற சில மருந்துகள், டோபிராமேட் மாதிரி, வியர்வையைக் குறைக்கும், உடம்பு சூடு ஏறிடும். அந்தப் பள்ளியில வலிப்பு மருந்து சாப்பிடற பசங்க நிறைய. நாங்க நடவு ஆரம்பிச்சது காலையில பதினொண்ணேகாலுக்கு. ஏன்னா முக்கிய விருந்தினர் டிராஃபிக்ல மாட்டிக்கிட்டார். எதையும் வாயில போட்டுப் பாக்கற பசங்களும் அங்க உண்டு. வேலியோரம் அழகுக்கு வச்சிருந்தது அரளி. இலை, பூ, காய், எல்லாமே விஷம். யாரோ தானமாக் குடுத்த கன்னுங்களாம். தெரபிக் கார்டன்!

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். காசு.

அந்தப் பள்ளியில பதினேழு வயசுப் பொண்ணு ஒண்ணு இருக்கு. அறிவுசார் குறைபாடுன்னு சான்றிதழ்ல எழுதியிருக்கு. எண்ணிக்கை இருபதுக்கு மேல தடுமாறும். ஆனா கீரை விஷயத்துல கில்லாடி. முளைக்கீரை எப்ப பறிக்கணும், வெந்தயக்கீரை எத்தனை உயரத்துல கிள்ளணும், எந்தப் பாத்தியில பூச்சி வந்திருக்கு, எல்லாம் பாத்த உடனே சொல்லிடும். வெந்தயம் போட்டா மூணு நாலு நாள்ல முளைக்கும், மூணு வாரத்துல கிள்ளிடலாம். ஆசிரியர்களும் அக்கம்பக்கத்து வீட்டுக்காரங்களும் கட்டு பத்து ரூபான்னு வாங்கிக்கறாங்க. அந்தக் காசு பள்ளி நிதிக்குப் போகுது. "அந்தப் பொண்ணுக்குப் பங்கு உண்டா?"ன்னு கேட்டேன். பதில் வந்தது: "சார், இது தெரபி. தெரபிக்கு யாராவது காசு குடுப்பாங்களா?"

சொன்னவங்க கெட்டவங்க இல்லீங்க. நல்ல மனசோட, குறைஞ்ச சம்பளத்துக்கு இருபது வருஷமா அங்க உழைக்கறவங்க. அதனாலதான் எனக்குப் பயமா இருந்தது. அந்த வார்த்தை எவ்வளவு நல்லவங்க வாயிலேர்ந்தும் எவ்வளவு சுலபமா வருது பாருங்க. 1973-ல அமெரிக்காவுல கோர்ட் ஏறின அதே வாதம், கட்டு பத்து ரூபா கீரைக்கு நம்மூர்ல.

பதினாலு, பதினஞ்சு வயசுப் பசங்களை வேலைக்கு வைங்கன்னு நான் சொல்லலை. கத்துக்கற காலத்துல கத்துக்கட்டும். ஆனா அவங்க கையால விளைஞ்சது வித்தா அந்தக் காசு அவங்க பேர்ல சேரணும். 'நான் போட்டேன், நான் பறிச்சேன், நான் சம்பாதிச்சேன்'ங்கறதுல இருக்கற மருந்து எந்த ஸ்லைடுலயும் இல்ல.

அதுவும் பதினெட்டு தாண்டினா? 2016-ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 31-வது பிரிவு, ஆறுலேர்ந்து பதினெட்டு வயசு வரைக்கும் இலவசக் கல்வி உரிமைன்னு சொல்லுது, 40 சதவீதமும் அதுக்கு மேலயும் குறைபாடு உள்ளவங்களுக்கு. பதினெட்டு முடிஞ்ச அன்னைக்கு? நான் பாத்த வரைக்கும் பெரும்பாலான பசங்க வீட்டுக்குப் போய் டி.வி. முன்னாடி உக்காந்துடறாங்க. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி நாட்டுல 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள். அதுல 10-லேர்ந்து 19 வயசுக்குள்ள மட்டும் சுமார் 46 லட்சம் பேர். அன்னைக்கு அந்த வயசுல இருந்தவங்க இப்ப எல்லாரும் பெரியவங்க. அவங்க நட்ட செடி எல்லாம் எங்க? அவங்க எங்க?

அதே சட்டத்துல 37-வது பிரிவைப் படிச்சுப் பாருங்க. விவசாய நிலமும் வீடும் ஒதுக்கற அரசுத் திட்டங்கள்ல மாற்றுத்திறனாளிகளுக்கு 5 சதவீதம் இட ஒதுக்கீடு, பெண்களுக்கு முன்னுரிமை. 34-வது பிரிவு அரசு வேலையில 4 சதவீதம், அதுல அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம் உள்ளவங்களுக்கும் சேர்த்து இடம். சட்டம் நிலம் தர்றேங்குது. நாம என்ன தர்றோம்? ஒரு பேப்பர் கப்புல பச்சைப்பயறு. முளைச்சா கை தட்டறோம்.

இன்னொரு சட்டத்தையும் சொல்லணும். 1948-ல போட்ட குறைந்தபட்ச ஊதியச் சட்டம், 26-வது பிரிவு. ஊனமுற்ற தொழிலாளிக்கு இந்தச் சட்டம் பொருந்தாதுன்னு அரசு விலக்கு அளிக்கலாம்னு அதுல எழுதியிருந்தாங்க. அதாவது, இவங்க உழைப்புக்குக் குறைச்சுக் கொடுக்கலாம்ங்கறது யாரோ ஒரு கஞ்ச முதலாளியோட யோசனை இல்ல. எழுதி, நிறைவேத்தி வச்ச யோசனை. நம்ம மண்டையில அது இன்னும் இருக்கு. அதுக்கு இப்பப் பச்சைக் கலர்ல ஒரு சட்டை போட்டு விட்டிருக்கோம், அவ்வளவுதான்.

எதிர்த்தரப்பையும் சொல்லணும். பெத்தவங்க சிலர், "மண்ணு கிளறவா பிள்ளையை இவ்வளவு கஷ்டப்பட்டு பஸ் பிடிச்சுக் கூட்டிட்டு வர்றேன்?"னு கோவப்படறாங்க. முதல்ல எனக்கு இது மேட்டிமைத்தனமாப் பட்டது. மண் வேலைன்னா கேவலமான்னு எரிச்சல் வந்தது. அப்புறம் ஒரு அம்மா சொன்னாங்க, "தம்பி, எங்க பாட்டன் பூட்டன் எல்லாம் அடுத்தவன் வயல்லதான் வேலை செஞ்சாங்க. அதுலேர்ந்து தப்பிச்சு நாங்க பட்டணம் வந்தோம். இவனுக்கு வேற எதுவும் வராதுன்னு நீங்களா முடிவு பண்ணித் திரும்ப மண்ணுக்கே அனுப்பறீங்களே, அவனுக்கு என்ன வரும்னு யாராவது பாத்தீங்களா?" எனக்குப் பதில் இல்ல. இப்பவும் இல்ல. திருவாரூர்ல என் தாத்தா நெல்லு போட்டார்னு மேல பெருமையா எழுதினேனே, அது அவர் சொந்த நிலம். அதையும் சேர்த்தே படிங்க.

அந்தக் கொய்யாத் தம்பிகிட்ட ஒரு நாள் கேட்டேன், "உனக்குச் செடி பிடிக்குமாடா?"

"பிடிக்காதுண்ணா."

"அப்புறம் ஏன் வர்ற?"

"வரிசையில நிக்கச் சொல்வாங்க."

"வேற என்ன பிடிக்கும்?"

ஃபேன் ரெகுலேட்டர், டி.வி. ரிமோட், பழைய செல்போன். கழட்டிப் பாக்கணுமாம். ஒரு கையாலதான் கழட்டணும், ஸ்க்ரூ உருண்டு ஓடுது, ஒரு தட்டுல காந்தம் வச்சா நிக்கும்னு அவனே யோசிச்சு வச்சிருக்கான். மூணு வருஷமா அந்தப் பையனுக்குத் தோட்ட சிகிச்சை குடுத்திருக்காங்க. யாரும் அவனை இந்தக் கேள்வி கேக்கலை. கீரைப் பொண்ணுக்குச் செடி உயிர். அவளுக்குப் பாத்தியும் பங்கும் கொடு. இவனுக்கு ஸ்க்ரூ டிரைவர் கொடு. ரெண்டு பேரையும் ஒரே வரிசையில நிக்க வச்சு ஒரே கன்னைக் கொடுக்கறதுக்குப் பேர் சிகிச்சையா?

பள்ளிகளோட பக்கத்துலயும் நியாயம் இருக்கு. ஆள் பத்தாது, காசு பத்தாது. கம்பெனிக்காரங்களை வேண்டாம்னு சொன்னா அடுத்த வருஷம் வேன் டீசலுக்கு எங்க போறது? குழியைத் திரும்பத் திரும்ப வெட்டறது அவங்களுக்கு ஆசையா? நன்கொடை வர்ற வழி அது. ஆக, குழியை வெட்டச் சொன்னது நாமதான். 2013 கம்பெனிச் சட்டம் 135-வது பிரிவு, ஒரு அளவுக்கு மேல பெரிய கம்பெனிகள் மூணு வருஷச் சராசரி லாபத்துல 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவழிக்கணும்னு சொல்லுது. செலவழிச்சதைப் படம் எடுக்கணும்னு அதுல எங்கயும் சொல்லலை.

நம்ம பதிவர்கள்ல பாதிப் பேர் பொட்டி தட்டறவங்கதான். உங்களுக்கும் இந்த மாதிரி மடல் வரும். போகாதீங்கன்னு சொல்ல மாட்டேன். பேர் குடுக்கறதுக்கு முன்னாடி ஹெச்.ஆர்.க்கு ஒரு பதில் மடல் போடுங்க. இவ்வளவுதான் கேளுங்க:

போன தடவை வச்ச செடிங்க உயிரோட இருக்கா? தினமும் தண்ணி ஊத்தப் போறது யாரு, அவங்களுக்குச் சம்பளம் யாரு தர்றா? சக்கர நாற்காலி உள்ள போகுமா? விளைஞ்சதை யாரு சாப்பிடறா, வித்த காசு யார் கைக்குப் போகுது? பதினெட்டு வயசுக்கு அப்புறம் என்ன? கடைசியா, அந்தப் பசங்கள்ல யாருக்காவது வேண்டாம்னு சொல்ற உரிமை இருக்கா?

நான் போட்டேன். டி-ஷர்ட், பஸ், பேனர் காசுக்கு உயரப் பாத்தி நாலும், தோட்டத்துக்கு ஒரு பகுதிநேர ஆளும்னு கணக்கு போட்டு, எக்செல் ஷீட்டோட அனுப்பினேன். "அருமையான யோசனை, அடுத்த காலாண்டுல பாக்கலாம்"னு பதில் வந்தது. மூணு காலாண்டு ஓடிப் போச்சு. நாங்க நாலு பேர் கைக்காசு போட்டு ஒரு பாத்தி கட்டியிருக்கோம். ஒண்ணே ஒண்ணு. வெந்தயம் ரெண்டு தடவை கிள்ளியாச்சு. பொண்ணு பேர்ல போஸ்ட் ஆபீஸ் கணக்கு ஆரம்பிக்க அவங்க அம்மாகிட்ட பேசிக்கிட்டு இருக்கோம், பள்ளியும் யோசிக்கறேன்னு சொல்லியிருக்கு. பெரிய சாதனை ஒண்ணும் இல்ல. சொல்லணும்னு தோணிச்சு.

போன மாசம் போனப்ப குழியைப் போய்ப் பாத்தேன். கொய்யா இல்ல. புதுசா நெல்லி. வேற அட்டை, வேற லோகோ.

தம்பி என்னைப் பாத்துச் சிரிச்சான். விரல் அஞ்சையும் விரிச்சுக் காட்டினான், சரியா விரியாத அந்த இடது கையாலயே.

டிஸ்கி: "நல்லது செய்யறவங்களைத் தடுக்காதே"ன்னு பின்னூட்டம் போட வர்றவங்க தாராளமா வாங்க. ஆனா முதல்ல உங்க கம்பெனி வச்ச செடியை ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாங்க. உயிரோட இருந்தா சொல்லுங்க, பதிவை எடுத்துடறேன் :-)